படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து

மாமா,

காலையில் நீதிமன்றத்தில் வாயில் போட்ட சித்தரத்தைத் துண்டு, கடலூரில் பேருந்து ஏறி அண்ணாமலை நகர் வந்து சேர்ந்த பிறகும் கடைவாயில் நாராகக் கிடக்கிறது. உங்கள் வெள்ளைச் சட்டைப் பையில் அக்கா கண்டெடுத்த பொட்டலத்தில் இதுதான் கடைசித் துண்டு. மென்றால் காரம், சும்மா விட்டால் கசப்பு. இதை அடக்கிக்கொண்டுதான் இத்தனை வருஷம் நீங்கள் மற்றவர்களுக்காகப் பேசினீர்களா?

"தொண்டைக்கு நல்லது மச்சான். குரல்தான் நம்ம முதலீடு" என்பீர்கள். முதலீடு என்ற சொல் எனக்கு அப்போதே பிடிக்காது. இன்றைக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இந்த மடல் பெரும்பாலும் கோபமாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்தவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பார்கள். நீங்கள் என் அக்காள் புருஷன். உயிரோடு இருந்தபோதே உங்களிடம் நான் மரியாதையாகப் பேசியதில்லை. இப்போது ஆரம்பித்தால் உங்களுக்கே சந்தேகம் வரும்.

இரண்டாயிரத்து நான்கில் நம் நிலைமையை நினைவுபடுத்துகிறேன். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் நீங்கள் பருவகால வேலையில் இருந்தீர்கள். அரவை நடந்தால் சம்பளம், அரவை நின்றால் கீரப்பாளையத்து வீடு. அதற்கு முன்பு மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் ஆலை ஆலையாகச் சுற்றியதில், பி.காம். பட்டம் கொடுக்காத இந்தியும் தெலுங்கும் உங்களுக்கு வந்திருந்தன. நான் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, இதே அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, யார் யாருடைய ஆய்வேடுகளையோ பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அறிவாளிகள் இரண்டு பேர் இருந்த அந்தக் குடும்பத்தில் மாதாமாதம் சம்பளம் வாங்கியது சத்துணவு அமைப்பாளரான அக்கா மட்டும்தான்.

அப்போதுதான் அந்தத் துண்டறிக்கையோடு வந்தீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு பயிற்சி மையம். அட்டையில் காதில் ஹெட்போன் மாட்டிய வெள்ளைக்காரப் பெண், பின்னால் பல நாட்டுக் கொடிகள். 'நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆகுங்கள். வேலைவாய்ப்புள்ள இடங்கள்: ஜெனீவா, நியூயார்க், டெல்லி, மஞ்சக்குப்பம்.'

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"கடைசி ஊரைப் பாரு மச்சான். அது நமக்கு. மத்த மூணையும் வேற யாருக்காவது விட்டுக் குடுத்துடலாம்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில்தானே கோர்ட்டு இருக்கிறது. உங்கள் கணக்கில் தப்பே இல்லை. தொழிற்பேட்டையில் வடக்கத்தி ஆட்கள் வந்து குவிகிறார்கள், வந்தவர்களுக்கு அடிபடும், அடிபட்டால் வழக்கு வரும், வழக்கு வந்தால் அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். இந்தி உங்களுக்குத் தெரியும், ஆங்கிலம் எனக்குத் தெரியும். நமக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: தேவை வேறு, வேலை வேறு என்பது.

பணம் எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும். முன் அறையின் ஷீட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட அக்கா சேர்த்து வைத்திருந்தது. "அந்த ஷீட்டுக்குக் கீழ ஒரு சித்திரை மாசம் படிச்சுப் பாருங்க. அப்புறம் எந்த பாஷை வேணா பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தாள். சேர்க்கைக் கட்டணத்தோடு முடிந்துவிடும் என்று நாமும் நம்பினோம். பிறகு தேர்வுக் கட்டணம் வந்தது. செய்முறைத் தேர்வு என்று தனியாக ஒன்று வந்தது. ஒலிநாடாவுக்கு, அடையாள அட்டைக்கு, கடைசியில் சான்றிதழை லேமினேட் பண்ணித் தருவதற்கு என்று எல்லாவற்றுக்கும் ரசீது போட்டார்கள். அந்த மையத்தில் பிழையில்லாமல் எழுதப்பட்டவை ரசீதுகள் மட்டும்தான். ஹெட்போன்கள் நிஜமாகவே இருந்தன. அவற்றின் வயரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மறுமுனை எதிலும் சொருகப்படவில்லை. கேட்டதற்கு, "மிஷின் அடுத்த பேட்சுக்கு வருது சார், நீங்க மாட்டிப் பழகுங்க" என்றார்கள். நீங்கள் மாட்டிப் பழகினீர்கள். எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது: எதுவும் கேட்காத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள்.

உருப்படியாக அங்கே கிடைத்தவை இரண்டு விதிகள். சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவனும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. தன் சொந்தப் பேச்சு ஏதாவது வேண்டுமென்றால் 'மொழிபெயர்ப்பாளர் தெரிவிப்பது' என்று தொடங்க வேண்டும். இது முதல் விதி. இரண்டாவது, தட்டச்சு செய்த வாக்குமூலத்தைச் சாட்சிக்கு அவன் மொழியில் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் கையெழுத்து. முதல் விதியை நீங்கள் காதலித்தீர்கள் என்றே சொல்லலாம்.

வீட்டில் பயிற்சி நடக்கும். நான் நீதிபதி, மர நாற்காலியில். நீங்கள் நின்றுகொண்டு. சாட்சி அக்கா; அவள் சம்மதம் கேட்கப்படவில்லை. அடுக்களையிலிருந்து அவள் என்ன சொன்னாலும் அதை நீங்கள் எனக்கு இந்தியில் சொல்ல வேண்டும், நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"இந்த மனுசனைக் கட்டிக்கினு நான் என்னத்தைக் கண்டேன்?"

நீங்கள் முகம் மாறாமல் அதை இந்தியில் சொன்னீர்கள். நான் தமிழில் சொன்னேன்: "இந்த மனிதனைக் கட்டிக்கொண்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க? திட்டுறது நான். அதை அவரும் சொல்றாரு, நீயும் சொல்ற. இப்ப யாரு யாரைத் திட்டுறது?"

"சாட்சி கூண்டை விட்டு இறங்கக் கூடாது" என்றீர்கள்.

கரண்டி பறந்தது. விலகிக்கொண்டே அதையும் மொழிபெயர்த்தீர்கள்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. வகுப்பு நின்றுபோனது. வடக்கிலிருந்து உதவிக்கு வந்தவர்களுக்கு மொழி தெரியவில்லை என்று கேள்விப்பட்டு நீங்களாகக் கிளம்பினீர்கள், என்னையும் இழுத்துக்கொண்டு. ஒரு குப்பத்தில் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எம் புள்ளையக் காணும், ரெண்டாவது புள்ள" என்றாள். நீங்கள் நிமிர்ந்து நின்று இந்தியில், "என் பிள்ளையைக் காணோம், என் இரண்டாவது பிள்ளை" என்றீர்கள். அந்த வடக்கத்தி இளைஞன் அவளைப் பார்க்கவே இல்லை. அப்படியே உங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். உங்களுக்குப் பிள்ளையே கிடையாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, பிறகு மெதுவாக விலக்கி, "மொழிபெயர்ப்பாளர் தெரிவிப்பது, பிள்ளையைத் தொலைத்தவர் இந்த அம்மா" என்றீர்கள்.

திரும்பும்போது பேருந்தில், புதுச்சத்திரம் தாண்டியதும், "நெசமாவே ஒரு நிமிசம் என் புள்ளையைக் காணும் மச்சான்" என்றீர்கள். நான் அதைக் கேலி செய்யாத ஒரே சந்தர்ப்பம் அது.

பட்டமளிப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அங்கிக்கு வாடகை. சிறப்பு விருந்தினர் வரவில்லை, அவர் வரவில்லை என்ற செய்தி ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது; அதைத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. மறு வருஷமே அந்த மையம் மூடப்பட்டு, அதே மாடியில் அழகுக்கலைப் பயிற்சி வந்தது. துண்டறிக்கையில் அதே வெள்ளைக்காரப் பெண். ஹெட்போனை மட்டும் அழித்திருந்தார்கள்.

வேலை? மாவட்டத்தில் அந்தப் பணியிடம் என்று ஒன்று இருந்தது. காலியாகவும் இருந்தது. காலியாக இருப்பதுதான் அதன் பணி என்று எனக்குத் தோன்றும். இந்தி பேசும் சாட்சி வந்தால், அடகுக்கடைக்காரர் ஒருவரையோ பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த போலீஸ்காரரையோ கூப்பிடுவார்கள். அவர்கள் கேட்டதில் பிடித்ததைச் சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் லேமினேட் செய்த சான்றிதழோடு ஒவ்வொரு நீதிமன்றமாகப் போய் நின்று, தேவைப்படும்போது அழைக்கலாம் என்ற பட்டியலில் பெயரை ஏற்றினீர்கள். அழைத்தார்கள். வெள்ளைச் சட்டை தைத்தீர்கள். பேட்டாவுக்கு வவுச்சர் போடுவார்கள். அது எப்போதாவது, வேறு ஏதோ வருஷத்துப் பணம்போல வரும். பல நாள் நீங்கள் பேருந்துக்குச் செலவழித்துத்தான் நீதி வழங்க உதவினீர்கள்.

நான் கழன்றுகொண்டேன். ஒரு பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்புத் திறன் என்று ஒரு பாடம் இருந்தது. வாயைத் திறக்காத பிள்ளைகளைத் திறக்க வைப்பது. திறந்தவர்களை மூடச் சொல்ல வேறு ஆள் வைத்திருந்தார்கள்.

"நீ போ மச்சான், சம்பளம் வருது" என்று நீங்களே சொன்னீர்கள். "நான் இதுல இருக்கேன். போஸ்டிங் போடுறப்ப அனுபவம்னு ஒண்ணு பார்ப்பாங்க இல்ல?"

உங்களுக்கு அந்த இடம் பிடித்திருந்தது, ஒத்துக்கொள்ளுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, நீதிபதி முதல் கடைசி வரிசை வரை எல்லாரும் உங்கள் வாயைப் பார்க்கும் அந்த நொடி. உங்கள் குரல் மீது உங்களுக்குக் கர்வம் அதிகம். வீட்டில் உப்புக் கேட்டால்கூடச் சபைக்குச் சொல்வதுபோல் சொல்வீர்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீங்கள் விரும்பாவிட்டாலும் வருவேன்.

ஒரு ரசாயன ஆலையில் தொட்டி கழுவ இறங்கிய ஜார்க்கண்ட் தொழிலாளி மூச்சடைத்துச் செத்துப்போனான். இறக்கிய ஒப்பந்தக்காரர் மீது வழக்கு. செத்தவனுடைய தம்பி மனோஜ், சாட்சி. மீசை சரியாக முளைக்காத முகம். எனக்கு அன்று கல்லூரி விடுமுறை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பந்தக்காரரின் வக்கீல் கேட்டார்: "உன் அண்ணனுக்குக் குடிப்பழக்கம் உண்டுதானே?"

மனோஜ் நீளமாகப் பதில் சொன்னான். நீங்கள் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னீர்கள்: "ஞாயிற்றுக்கிழமை குடிப்பான். அன்றைக்குக் குடிக்கவில்லை. காலையில் நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். முகமூடி வேண்டும் என்று கேட்டான். மேஸ்திரி, முதலில் இறங்கு, அப்புறம் தருகிறேன் என்றார்."

நீதிபதி தட்டச்சருக்குச் சுருக்கிச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சாப்பாட்டு வேளைக்குள் முடிக்க வேண்டிய வழக்குக் கட்டுகள் மேசையில் உயரமாக இருந்தன. அவ்வளவும் சுருங்கி ஒரே வரி ஆனது: 'என் அண்ணனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்றால் சரிதான்.'

விசாரணை முடிந்து தாள் கைக்கு வந்தது. "கையெழுத்துப் போடச் சொல்லுங்க, நீங்களும் கீழ போடுங்க" என்றார் பெஞ்சு கிளார்க். கீழே வழக்கமான வாசகம் தயாராக அச்சாகியிருந்தது: படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார். எல்லாரும் அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். அடகுக்கடைக்காரர் கடைத் திறப்புக்கு முன்னாலேயே போட்டுவிட்டுப் போவார். நீங்கள் படித்துக் காட்டினீர்கள். நின்றுகொண்டு, நிதானமாக, இந்தியில், முழுத் தாளையும். அந்த வரிக்கு வந்ததும் பையன் தலையை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னான்.

"என்னவாம்?" என்றார் நீதிபதி.

நீங்கள் விதிப்படி நிமிர்ந்தீர்கள். அந்தக் கர்வமான குரலில், சபை முழுவதும் கேட்க, சொன்னீர்கள்: "நான் சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை ஏன் விட்டீர்கள்? செத்தவன் குடிகாரன் என்று எழுதினால் உங்களுக்கு வேலை முடிந்துவிடுமா?"



"யாரைப் பார்த்துப் பேசுகிறீர்?" என்றார் நீதிபதி. "நீர் யாரய்யா அதைக் கேட்க?"

"மொழிபெயர்ப்பாளர் தெரிவிப்பது" என்று தொடங்கினீர்கள், "அதைக் கேட்டது சாட்சி..."

"சாட்சி இரண்டு வார்த்தை பேசினான். நீர் பிரசங்கம் செய்கிறீர்."

பையன் பேசியது இரண்டு வார்த்தை இல்லை. ஆனால் அது இந்தியில் இருந்தது. அங்கே அதைப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை நம்ப, இன்னொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நான் எழுந்து நின்றேன். எனக்கு உங்கள் வீட்டில் கற்ற அடுக்களை இந்தி இருந்தது. காவலர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். உங்களை வெளியே போகச் சொன்னார்கள். வக்கீல் ஒருவர், "மாப்ள, கேஸைவிட மொழிபெயர்ப்பு நல்லா இருந்துச்சுடா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தாளில் பையனும் கையெழுத்துப் போடவில்லை, நீங்களும் போடவில்லை. அன்று இரவே அவனை யாரோ ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்களை மறுபடி யாரும் அழைக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம், காலியாக இருப்பதையே பணியாகக் கொண்டிருந்த அந்தப் பணியிடத்தை நிரப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. உங்களுக்கு வயது தாண்டியிருந்தது. பணியாற்றிய அனுபவம் உண்டு என்று நீதிமன்றம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வயதைத் தளர்த்துவார்கள். அந்த ஒரு வரிக்குப் பெஞ்சு கிளார்க் வழி சொன்னார், நல்லெண்ணத்தோடுதான்: ஒரு மன்னிப்புக் கடிதம், கூடவே அந்தப் பழைய தாளில் கீழே ஒரு கையெழுத்து. "தேதியைப் பத்திக் கவலைப்படாதீங்க சார்."

மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் டீக்கடையில் நின்று உங்களோடு சண்டை போட்டேன்.

"ஒரே ஒரு கையெழுத்து மாமா. உங்களுக்கு இன்னா போச்சு?"

"அவன் சரின்னு தலையாட்டுனானா?"

"இல்ல."

"அப்புறம் சரின்னு ஒப்புக்கிட்டார்னு நான் எப்படிப் போடுறது?"

"மன்னிப்பாவது கேட்டுத் தொலைங்களேன்."

"கேக்கலாம் மச்சான், ஆனா அதைச் சொன்னது நான் இல்லியே. அவன் அட்ரஸ் கெடைச்சா வாங்கிக் குடு, மன்னிப்புக் கேப்பியான்னு இந்தியில கேட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார். நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

அக்கா இன்னும் நேராகக் கேட்டாள். அஸ்பெஸ்டாஸ் ஷீட் கொதித்துக்கொண்டிருந்த மத்தியானம். உங்களுக்கு விசிறிவிட்டுக்கொண்டே கேட்டாள். "ஊரான் அண்ணன் குடிச்சானா குடிக்கலியான்னு நீங்க எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க?"

"நான் நிக்கலடி. அவன் சொன்னதைத்தான்..."

"அதான் கேக்குறேன். எல்லாத்துக்கும் அவன் சொன்னது, இவ சொன்னது. உங்களுக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

 அக்கா விசிறியை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்தப் பணியிடத்துக்கு வேறொருவர் வந்தார். இந்தி தெரியாது, தட்டச்சு தெரியும். சில மாதங்களில் மாற்றல் வாங்கிப் போனார். பணியிடம் தன் பழைய பணிக்குத் திரும்பியது.

போன வருஷம் அரவை நடந்துகொண்டிருக்கும்போதே உங்களுக்கு நெஞ்சில் வலி வந்திருக்கிறது. வாரக்கணக்கில் இருந்திருக்கிறது. ஆலையில் உடன் வேலை செய்தவர்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது டாக்டர், "எங்க வலிக்குது, எப்பயிலேர்ந்து?" என்று கேட்டார். நீங்கள் அக்காவைக் காட்டி, "இவுங்கதான் ரொம்பப் பயந்துட்டாங்க டாக்டர்" என்றீர்கள். அப்போதும் அடுத்தவர் பேச்சு! குப்பத்துப் பெண்ணுக்காக, ஜார்க்கண்ட் பையனுக்காக, திட்டுகிற பொண்டாட்டிக்காகக்கூட 'நான்' என்று சொன்ன வாய்க்கு, 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்ல எந்த மையத்தில் பயிற்சி கொடுக்க வேண்டும்? எவ்வளவு கட்டணம் என்றாலும் கட்டியிருப்பேன். நீதிமன்றத்தின் மீது கோபப்படலாம், பயிற்சி மையத்தின் மீது கோபப்படலாம். அவர்கள் எனக்கு யாரோ. உங்கள் மீதுதான் மாமா என்னால் கோபத்தை இறக்கி வைக்க முடியவில்லை.

வருஷக் கடைசிப் புயலில் அந்த ஷீட்டுக் கூரை பறந்து எங்கேயோ வயலில் விழுந்தது. தளம் போட்டிருந்தால் நின்றிருக்கும். அக்கா என்னோடு அண்ணாமலை நகர் வந்துவிட்டாள். வரும்போது கொண்டுவந்த மூட்டையில் உங்கள் வெள்ளைச் சட்டைகள் இருந்தன.

போன வாரம் உங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆமாம், உங்களுக்கு. பட்டியலிலிருந்து உங்களை நீக்கியதாக எந்த உத்தரவும் உங்கள் கைக்கு வரவே இல்லை. உங்களை அழைக்கும் உத்தரவு நீங்கள் போன பிறகு, பறந்துபோன வீட்டு முகவரிக்கு, தபால்காரரின் நல்ல மனசால் இங்கே வந்து சேர்ந்தது. அதே வழக்கு. அதே சாட்சி. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு அந்தச் சட்டைகளில் ஒன்றை இஸ்திரி போட்டு என் கட்டிலில் வைத்தாள். பையில் பொட்டலம் இருந்தது.

இன்று போனேன். பழைய பெஞ்சு கிளார்க்தான், நரைத்திருந்தார். உங்களைப் பற்றிச் சொல்லி, உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன் என்று என் லேமினேட் சான்றிதழைக் காட்டினேன். நாற்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு கட்டைப் பிரித்து அந்தத் தாளை எனக்குக் காட்டினார். கீழே அச்சிட்ட வாசகம் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் வெற்றிடம். வருஷக்கணக்காக யாரும் அதில் கை வைக்க முடியவில்லை. "இந்தக் கையெழுத்து இல்லாததாலதான் சார் எல்லாம்" என்றார் கிளார்க், குற்றம் சொல்கிறாரா பாராட்டுகிறாரா என்று பிடிபடாத குரலில். "குடிகாரன்னு அவுங்க இதை வெச்சு வாதாட, கையெழுத்தே இல்லியே, செல்லாதுன்னு ஆகிப்போச்சு. சாட்சியை மறுபடி வரவழைக்க வேண்டியதாப் போச்சு."

நம் சண்டையில் நீங்கள் ஜெயித்தீர்கள் என்பதை டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுக்குள் வைத்துக் காட்டுகிறார்கள்.

நீதிபதி புதியவர், ஒரு பெண். எனக்கு உறுதிமொழி செய்து வைத்தார். மனோஜுக்கு மீசை வந்திருக்கிறது, தோள் அகன்றிருக்கிறது. கூண்டில் ஏறியவன், நான் பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சி என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டான்.

"என்ன சொல்கிறார்?" என்றார் நீதிபதி.

 விதி என்றால் விதி. நிமிர்ந்து சொன்னேன்: "இதே வாசனை அடித்த அண்ணன் ஒருவர் அன்றைக்கு எனக்காகப் பேசினார். அவர் எங்கே?"

கிளார்க் குனிந்துகொண்டார். நீதிபதிக்குப் புரியவில்லை, அவருக்குத் தெரிய வழியும் இல்லை. "மொழிபெயர்ப்பாளர் தெரிவிப்பது," என்றேன், "அவர் காலமாகிவிட்டார். அதைச் சாட்சிக்குச் சொல்ல அனுமதி வேண்டும்." அனுமதித்தார்கள். சொன்னேன். பையன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு அதே வக்கீல், அதே கேள்வி. மனோஜ் அதே பதிலைச் சொன்னான்: ஞாயிற்றுக்கிழமை, ஒரே தட்டு, முகமூடி, மேஸ்திரி. என் இந்தி உங்கள் அளவுக்கு இல்லை. இரண்டு இடத்தில் திருப்பிக் கேட்டேன். சாப்பாட்டு வேளை நெருங்கியபோது தாள் வந்தது. "கையெழுத்துப் போடச் சொல்லலாமா சார்?" என்றார் கிளார்க், ஆனால் பேனாவை நீட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுக் காட்டிட்டு" என்றேன்.

யாரோ சலித்துக்கொண்டார்கள். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, படியுங்கள் என்று கையசைத்தார். நின்றுகொண்டு, நிதானமாக, முழுத் தாளையும் படித்தேன். இந்த முறை ஐந்து வாக்கியங்களும் இருந்தன. மனோஜ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அவன் போட்ட பிறகு கீழே என் பெயரை எழுதினேன்.

வழக்கு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. தீர்ப்பு வரும் என்கிறார்கள், எந்த வருஷம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "எல்லாத்தையும் எழுதுனாங்களா?"

"எழுதுனாங்க."

"பேட்டா?"

"வவுச்சர் போட்டிருக்காங்க."

"அப்ப வராது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றித் தரச் சொன்னாள், துவைத்துப் போட.

பொட்டலம் தீர்ந்துவிட்டது மாமா. அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கீழ வீதி நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்க வேண்டும். கோபம் வாங்க வேண்டியதில்லை, அது வேண்டிய மட்டும் இருக்கிறது.